ஒற்றை விரலில் எழும்பிய டிரெய்லர்

படகின் அடியில் இருந்த கீறலை முதலில் பார்த்தது நான்தான். ஏரியிலிருந்து திரும்பிய படகை வாசலில் நிறுத்தி, குழாயைப் பிடித்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளை அடிப்பாகத்தில், இடதுபக்கம், ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் நிறக் கோடு. விரலை வைத்தேன், நகம் உள்ளே இறங்கியது. அதற்கு நேர் கீழே, டிரெய்லரில், படகைத் தாங்கும் நீளக் கட்டை இருந்தது. ஆனால் அந்த இடத்தில் மேலே சுற்றியிருந்த கார்ப்பெட் கிழிந்து, மரம் டீயில் நனைத்த ரஸ்க்கைப் போல உதிர்ந்துபோய், ஒரு போல்ட்டின் தலை மட்டும் பளபளத்துக்கொண்டு மேலே நீட்டியிருந்தது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

என் கணவர் வந்தார். பார்ப்பதற்காகக் குனிந்தவர் பாதியில் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"குனியலாமுங்க. தூக்கத்தான் கூடாது," என்றேன்.

குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "படகு கட்டை மேல உக்காரல அம்மிணி. போல்ட்டு மேல உக்காந்திருக்குது."

"எத்தனை நாளா?"

"அதப் படகுதான் சொல்லோணும்."

நாங்கள் இருப்பது கேரள எல்லைக்குச் சற்று உள்ளே, பெருமாட்டியில், தென்னந்தோப்புக்குள். அவருக்கு விவசாயம். நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழின் செய்திப்பிரிவில் பிறர் எழுதியதை வெட்டித் திருத்தும் வேலையில் இருந்தேன். தினமும் எல்லை தாண்டிப் போய் எல்லை தாண்டி வருவேன். நான் ஓய்வுபெற்ற வருடம் அவர் இந்தப் படகை வாங்கினார். இடுக்கியில் ஓர் அணைக்கரைத் தங்கும் விடுதியை மூடியபோது விற்றது. பன்னிரண்டு அடி நீளம், ஃபைபர், இரண்டு துடுப்பு. கூடவே அதை இழுத்துப்போக ஒற்றை அச்சு டிரெய்லர். இரண்டும் ஒரு லாரியில், ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே மலையிறங்கி வந்தன. ஒரு மாதம் படகு ஏலக்காய் மணத்தது.

படகு எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். மீன் பிடிக்கவா? இல்லை. பின்னே? "சும்மா," என்றார் அவர். அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை. தோப்பும் நெல்லுமாக இருக்கிற ஊரில் ஒருவர் தண்ணீருக்கு நடுவே சும்மா போய் இருந்துவிட்டு வருவது விளங்கிக்கொள்ளக்கூடிய காரியமல்ல. முதல் வாரம், மேய்ச்சலுக்கு வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடிவந்து, ஏரியில் படகு ஆளில்லாமல் மிதக்கிறது என்றார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கரையிலிருந்து கூப்பிட்டதும் படகுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. படுத்துக்கொண்டிருந்தாராம். நடு ஏரிக்குத் துடுப்புப் போட்டுப் போய், பிளாஸ்க்கில் இருக்கும் டீயைக் குடித்துவிட்டு, மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புவது. படகின் மொத்தப் பயன் அவ்வளவுதான்.

முப்பது வருடம் அந்த மனிதருக்கு மோட்டார், வாய்க்கால் தண்ணீர், தேங்காய் பறிப்பு என்று உட்கார நேரமிருந்து நான் பார்த்ததில்லை. நடு ஏரியில் மட்டும்தான் அவர் கையில் வேலை இருக்காது. அதனால் அந்தப் படகின்மேல் எனக்கும் ஒரு பிரியம் உண்டு.

பிறகு குடலிறக்கம் வந்தது. அறுவை சிகிச்சை ஆகி இரண்டே வருடத்தில், தேங்காய் மூட்டையைத் தூக்கி, மறுபடியும் வந்தது. இரண்டாவது தடவை பாலக்காட்டு டாக்டர் கோபமாகவே, "இனி பாரம் எடுக்கருது," என்றார் மலையாளத்தில், இனிப் பாரம் தூக்கவே கூடாதென்று. எவ்வளவு வரை எடுக்கலாம் என்று நான் கேட்டேன். ஒரு குடம் தண்ணீர். அதுவும் நிறையாத குடம். மூன்றாவது முறை வெட்டித் தைக்க வயிற்றில் நல்ல இடம் கிடையாது என்றார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். தூக்காமல் ஏற்றி இறக்க முடிகிறவரை படகு இருக்கட்டும். ஒரு நாள் தூக்கினீர்கள் என்று தெரிந்தாலும் அது போய்விட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் பண்ணைவீடு கட்டியிருந்த ஒருவர் படகை ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருந்தார். அவருடைய எண் என் போனில் இருந்தது. என் கணவர் கியரை மாற்றிவிட்டு, "செரி," என்றார். அவர் ஒரு முறை சரி என்றால் அப்புறம் பேச்சில்லை.

ஆகவே எல்லாம் டிரெய்லரின் கையில் இருந்தது. துறையில் அதைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினால், கார்ப்பெட் சுற்றிய இரண்டு நீளக் கட்டைகளின்மேல் படகு தானாக வழுக்கித் தண்ணீரில் இறங்கும். திரும்பும்போது கைப்பிடியைச் சுற்றினால் கயிறு படகை இழுத்து அதே கட்டைகளின்மேல் ஏற்றிவிடும். யாரும் எதையும் தூக்க வேண்டாம். கட்டை உளுத்தால் படகு வழுக்காது, மாட்டிக்கொள்ளும். மாட்டினால் ஒருவர் முதுகு கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகை பிறந்திருந்தது. ஏரி நிறைந்து நின்றது. தை கடைசியில் தண்ணீர் வயலுக்குப் போய்விட்டால் துறையில் சேறுதான்.

ஆசாரியை வரச்சொன்னோம். ஐம்பது வயதிருக்கும். கதவு, ஜன்னல் செய்வார்; ரேக்ளா பந்தய வண்டிகள் செய்வதில் எல்லைக்கு இரண்டு பக்கமும் பெயர். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே தொடங்கினார்.

"ஏனுங்ணா, கப்பல் ஒடஞ்சுபோச்சாட்டம்?"

"ஒடையலப்பா. அதோட கட்டில் ஒடஞ்சுபோச்சு."

ஆசாரி உளியின் முனையால் கார்ப்பெட்டைக் கிழித்தார். உள்ளேயிருந்து தண்ணீர் ஒழுகியது. படகு ஏரிக்குப் போய் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மரத்துக்குள்ளிருந்து ஒரு பூரான் வெளியே வந்து, வெளிச்சம் பிடிக்காமல் திரும்பிப் போயிற்று.

"பாத்தீங்களா? நாலு பக்கமும் சுத்தி ஆணி அடிச்சுட்டானுங்க. சட்டையப் போட்டு உட்டவன் கழட்டவேயில்ல. வேர்த்து வேர்த்தே செத்துருக்குது மரம்."

என் கணவர் உடனே தென்னைமரம் என்றார். தோப்பில் காய்க்காத மரங்கள் இரண்டு வெட்டிக் கிடந்தன.

"உங்களுக்கு எதுக்குமே தென்னையத் தவிர வேற தெரியாதுங்ணா," என்றார் ஆசாரி. "மேல வைரம், உள்ள சோறு. போல்ட்டுக்கு ஓட்டை போட்டா சோத்துல தண்ணி எறங்கும். அடுத்த கார்த்திகைக்கு மறுக்கா நானு வருவேன்."

"வந்தா டீ குடிச்சுட்டுப் போயேன்."

"டீக்கு வர்றேன். கட்டைக்கு வரமாட்டேன்."

ஆஞ்சிலி என்று முடிவானது. மேற்கே வள்ளம் கட்டுகிற மரம். தண்ணீரோடு அதற்குப் பழக்கம் உண்டு. சித்தூர்ப் பக்கம் ஒரு மரமில்லிலிருந்து எட்டடி நீளத்தில் இரண்டு கட்டைகள் வந்தன, மஞ்சளாக, ஈர மரத்தின் புளித்த வாசனையுடன். ஒரு வாரம் நிழலில் கிடந்தன.

கட்டையை மாற்றுவதற்கு முதலில் படகை டிரெய்லரிலிருந்து எடுக்க வேண்டும். போர்வெல் மோட்டாரை மேலே இழுக்கிற முக்காலியும் செயின் பிளாக்கும் எங்கள் கொட்டகையில் உண்டு. இந்தப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்களில் பாதிப்பேரிடம் உண்டு. முக்காலியை வாசலில் நிறுத்தி, படகின் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கொடுத்தோம். என் கணவர் போய்ச் செயினைப் பிடித்துக்கொண்டார்.

"உடுங்க அத," என்றேன்.

"செயின இழுக்கறது தூக்கற கணக்குல வருமா?"

"மேல போறது எதுங்க?"

"படகு."

"அப்ப தூக்கற கணக்குதான்."

"ஆசாரி, நீ சொல்லு."

ஆசாரி இரண்டு பேரையும் பார்த்தார். "நானு மரத்தப் பத்திக் கேட்டாச் சொல்லுவனுங்ணா," என்று பட்டையைச் சரிசெய்யப் போய்விட்டார். செயினை நானே இழுத்தேன். அங்குலம் அங்குலமாகப் படகு எழும்பியது. இழுத்து முடித்தபோது தோள் வலித்தது. அதை நான் சொல்லவில்லை.

அடியிலிருந்த கீறலில் ஃபைபர் பசை பூசி, உலர்ந்ததும் தேய்த்துவிட்டோம். இரண்டு நாள் படகு வாசலில் அந்தரத்தில் தொங்கி, கிழக்குக் காற்றில் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பால் எடுக்க வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கி வானத்தைப் பார்த்தார். "ஏனுங்க, வெள்ளம் கிள்ளம் வருதுங்களா? எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

ஆசாரி பழைய கட்டைகளைத் தூக்கிப்போடவில்லை. அவற்றைப் புதுக்கட்டைமேல் வைத்து, ஓட்டை விழுந்த இடங்களைப் பென்சிலால் குறித்தார். போல்ட் தலைகள் விரலின் முதல் கணு அளவுக்கு மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்றார். மரம் தேய்ந்தாலும் இரும்பு படகைத் தொடக் கூடாது. இரண்டு கட்டைகளும் படுத்த மாதிரி இருக்காமல், படகின் அடிச்சரிவுக்கு ஏற்ப உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அதற்காகப் படகைக் கொஞ்சம் இறக்கி, இடைவெளியில் என் டார்ச்சை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே கட்டை படகைத் தொடவில்லை. கசிவு நிற்கும்வரை நான்கு முறை போல்ட்டைத் தளர்த்தி முறுக்கினார். தலைப்பை நாலு தடவை மாற்றினாலும் அலுத்துக்கொள்ளாத ஒருவரோடு நான் பல வருடம் வேலை செய்திருக்கிறேன். அவர் ஞாபகம் வந்தது.

கார்ப்பெட்டுக்குக் கல்யாணப் பந்தலில் விரிக்கிற சிவப்புத் துணிதான் கிடைத்தது. மேல்பக்கமும் இரு பக்கங்களும் மட்டும் சுற்றி, அடிப்பக்கத்தைத் திறந்து விட்டார். ஆணிகளெல்லாம் பக்கவாட்டில்.

"மாப்பிள்ளை ஊர்வலமாட்டம் எறங்கும் பாருங்க," என்றார்.

படகை மறுபடி டிரெய்லரில் வைத்ததும், ஜீப்பில் மாட்டுகிற முன்முனையை நான் தூக்கிப் பார்த்தேன். முன்பும் தூக்கியிருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் கவனம் வைத்துத் தூக்கினேன். அரை மூட்டை அரிசி கனம் இருந்தது. ஏரிக்குப் போகும் ஒவ்வொரு காலையும் இதை ஒருவர் தூக்கித்தான் ஜீப்பின் கொக்கியில் வைக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு எப்போதும் நான்தான் தூக்கிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் ஏதாவது காரியமாகக் கோயம்புத்தூருக்குப் போயிருந்த நாட்களிலும் படகு ஏரிக்குப் போயிருக்கிறது.

அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. ஆசாரியைத் தனியாக அழைத்தேன்.

"இந்த முன்னாடி கனத்தக் கொறைக்க முடியுமா? அவரு தூக்கறதா இருந்தாலும் ஒண்ணும் தெரியாத அளவுக்கு."

ஆசாரி முனையைத் தூக்கிப் பார்த்து, கீழே வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்தார். ஒரு வண்டிக்காரரின் சுளிப்பு அது.

"முன்பாரமுங்க்கா. இப்படி ஒரு வண்டியில மாட்டக் கட்டுனா கழுத்துத் தோலு உரிஞ்சு போயிரும். எவன் செஞ்சானோ. பாரம் அச்சு மேல நிக்கோணும். நுகத்தடி மாட்டுக் கழுத்துல இருக்கறதே மாட்டுக்குத் தெரியப்படாது."

படகின் மூக்கு முட்டி நிற்கிற இரும்புத் தூண் ஒன்று டிரெய்லரின் முன்பக்கம் உண்டு. அதன் பட்டையைத் தளர்த்தி ஒன்றரை சாண் பின்னால் தள்ளினார். கைப்பிடியைத் திருப்பிப் படகையும் பின்னால் விட்டார். ஒரு கையால் முனையைத் தூக்கினார். இன்னும் நான்கு விரற்கடை தள்ளினார். இரண்டு விரலால் தூக்கினார். பிறகு என்னைத் தூக்கச் சொன்னார். ஆள்காட்டி விரலை மட்டும் கொடுத்தேன். முனை காற்றில் எழுந்து அப்படியே நின்றது.

கணவரைக் கூப்பிட்டோம். அவர் சுண்டுவிரலால் தூக்கினார். தூக்கிக்கொண்டே மறுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அதை நான் போட்டோ எடுத்து பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். "டாக்டர்கிட்டக் காட்டலாம்," என்று அவள் பதில் போட்டாள்.

அடுத்த நாள் காலை, ஏழு மணி இருக்கும், ஏரிக்குக் கிளம்பினோம். எங்கள் ஜீப்பில் பின்னிருக்கைகள் பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும், பின்னால் திறப்பு. டிரெய்லரைப் பார்த்துக்கொண்டு வருவதற்காக நான் பின்னால் உட்கார்ந்தேன். தோப்புப் பாதையிலும் வாய்க்கால் கரையிலும் அது சொன்னபடி கேட்டு வந்தது. மெயின் ரோட்டில் ஏறினோம். ஏரித்துறைக்குத் திரும்பும்வரை இரண்டு கிலோமீட்டர் அந்த ரோட்டில்தான் போக வேண்டும்.

ஜீப் வேகம் பிடித்ததும் படகின் மூக்கு கொஞ்சம் இடதுபுறம் போய்த் திரும்பியது. காற்று என்று நினைத்தேன். பிறகு வலது. மறுபடி இடது, முன்னைவிட அதிகம். எதிரே வைக்கோல் லாரி ஒன்று கடந்தது. அதன் காற்று பட்டதும் டிரெய்லர் முழுவதும் பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து ஆட்டுவதுபோல ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜீப்பின் பின்பக்கத்தையும் அது இழுத்தது. இடது, வலது, இடது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை.

அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார் என்று பிறகு சொன்னார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்து, ஜீப் ரோட்டோரம் மண்ணில் இறங்கி நின்றது. டிரெய்லரின் ஒரு விளக்கு மைல்கல்லில் பட்டு உடைந்திருந்தது. படகுக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கும் ஒன்றுமில்லை. ரோட்டில் வேறு வண்டியில்லை. ஒரு பள்ளி வேன் வரும் நேரம் அது, அன்று சனிக்கிழமை.

அவர் இறங்கி வந்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு படகைப் பார்த்தார். சிறிது நேரம் உடைந்த விளக்கின் சிவப்புத் துண்டுகளைச் செருப்பால் ரோட்டிலிருந்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பொள்ளாச்சிக்காரருக்குப் போன் போட்டுரு," என்றார்.

"எதுக்குங்க?"

"கொடுத்தரலாம். தூக்கறது தூக்காததெல்லாம் என்ற பாடு. ரோட்டுல வர்றவன் என்ன பண்ணுனான்?"

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மோட்டார் எரிந்தாலும், விலை சரிந்தாலும், அரை மணி நேரமாவது சத்தம்போடுகிறவர் அவர். இதில் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பினோம். மெயின் ரோட்டில் நடக்கிற வேகத்துக்குத்தான் ஓட்டினார். வாய்க்கால் கரைக்கு வந்ததும் மேடுபள்ளம் தொடங்கியது. ஒவ்வொரு மேட்டிலும் டிரெய்லரின் முனை ஜீப்பின் கொக்கிக்குள் டக், டக் என்று தட்டியது. அதை நான் அன்றுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் கவனித்தேன். முனை கீழ்நோக்கி இடிக்கவில்லை. மேல்நோக்கி இடிக்கிறது. எழுந்துபோகப் பார்க்கிறது.

"நிறுத்துங்க," என்றேன். இறங்கிப் போய்ப் படகின் மூக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

"என்ன பண்ற நீ?"

"ஓட்டுங்க. மெதுவா."

ஓட்டினார். டக் டக் நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு கிலோ நான். இறங்கினேன், தட்டியது. ஏறினேன், நின்றது. ஒரு தகவலை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் அச்சுக்கு விடுவதில்லை என்பதால் மறுபடியும் ஒருமுறை இறங்கி ஏறினேன். அதன்பிறகு வீடுவரை அப்படியே உட்கார்ந்து வந்தேன். தென்னைகளுக்கு நடுவே, உலர்ந்த மண்பாதையில், படகில் ஒரு பெண்மணி போவதைக் கள் இறக்கிக்கொண்டிருந்தவர் மரத்தின் மேலிருந்து பார்த்தார். "தண்ணி எங்க வரைக்குமுங்க இருக்குது?" என்று கேட்டார். ரோட்டில் நடந்ததற்குப் பிறகு முதல் தடவையாக என் கணவர் சிரிப்பது ஜீப்பின் கண்ணாடியில் தெரிந்தது.

ஆசாரி அன்று பிற்பகலே வந்தார். நடந்ததைச் சொன்னேன். கனத்தைக் குறைக்கச் சொன்னது நான் என்பதையும் என் கணவர் முன்னாலேயே சொன்னேன். ஆசாரி அதைக் காதில் வாங்கவில்லை. முனையைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"நானு மாட்டுக்கு அளந்துபோட்டேனுங்க," என்றார் கடைசியில். "மாடு நுகத்தடியக் கழுத்துல புடிச்சு நிக்கும். வண்டி ஆடுனா மாடும் சேந்து நடைய மாத்தும். ஜீப்புக்குக் கழுத்தா நோகுது? அதுக்குப் பாரம் கொடுத்தாத்தான் அடங்கி வரும்."

"உனக்கு இது எப்பத் தெரிஞ்சுது?" என்றார் என் கணவர்.

"இப்பத்தானுங்ணா. சொல்லச் சொல்லத் தெரியுது."

அப்போது என் கணவர் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். படகு நிற்கிற அதே கூரைக்கடியில், நாலடி தள்ளி, எங்கள் டிராக்டர் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. அதுவும் இரண்டு சக்கரம். அதன் முன்முனையை யாரும் ஒரு நாளும் தூக்கியதில்லை, தூக்கவும் முடியாது. அது ஒரு திருகு ஜாக்கியின்மேல் உட்கார்ந்திருந்தது. மாட்ட வேண்டுமானால் கைப்பிடியைச் சுற்றுவோம், முனை தானாக ஏறும், இறங்கும். வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு என் கணவர், "ஆறு வருசமா ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்குது," என்றார்.

"இது சின்னதா இருக்கறதால வண்டின்னு நெனச்சுப்போட்டமுங்ணா," என்றார் ஆசாரி.

இரும்புத் தூணைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது எளிதாக இருந்தது. குழாயில் அது முன்பு நின்ற இடத்தைச் சுற்றி, துரு ஏறாத ஒரு வெளுத்த வளையம் இருந்தது. நாங்கள் தள்ளியதிலிருந்து அது கண்முன்னேயேதான் இருந்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு வெல்டிங் கடையில் சிறிய திருகு ஜாக்கி ஒன்றை முனையில் பொருத்தி, அதன் காலில் ஒரு சின்னச் சக்கரமும் வைத்துக்கொடுத்தார்கள். இப்போது முனையில் பழைய அரை மூட்டைக் கனம் அப்படியே இருந்தது. ஆனால் அதைத் தாங்குவது ஜாக்கி. பதினோரு சுற்று சுற்றினால் கொக்கியின் உயரத்துக்கு வரும். உடைந்த விளக்குக்குப் பதில் புதுவிளக்கும் வந்தது.

வெல்டிங் முடிந்து வருகிற வழியில் அவர் கேட்டார். "பொள்ளாச்சிக்காரருக்குப் போன் போட்டயா?"

"போட்டேன். பிசியா இருந்துச்சு."

"அஞ்சு நாளாவா?"

"வேலை எச்சா இருக்கற ஆளு போல."

அவர் ஜீப்பை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

அன்றே மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம், அதே வேகத்தில். நான் பின்னால் உட்கார்ந்து படகின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு லாரி கடந்தது, ஒரு பஸ் கடந்தது. மூக்கு என் இரண்டு கால்களுக்கு நடுவே, குறிவைத்ததுபோல நேராக வந்தது. துறையில் அவர் டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் இறக்கினார். கயிற்றைத் தளர்த்தினேன். சிவப்புக் கம்பளத்தின்மேல் படகு சத்தமே இல்லாமல், ஆசாரி சொன்ன மாப்பிள்ளையைப் போலவே, இறங்கிப் போயிற்று. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நடு ஏரிக்குப் போனதும் தலை மறைந்தது. நான் கரையில் உட்கார்ந்து ஆளில்லாத படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் நான் கூடப் போவதில்லை. விடிந்தும் விடியாமலும் அவர் எழுந்து போவார். நான் படுக்கையிலிருந்தே கேட்பேன். அந்த ஜாக்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிறீச்சிடும். பதினொன்று எண்ணுவேன். அப்புறம் கொக்கி விழுகிற சத்தம், ஜீப் கிளம்புகிற சத்தம். போன மாதம் அவர் கிரீஸ் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கருமம் கத்துது அம்மிணி. ஊரே எந்திரிச்சிரும். கிரீஸ் எங்க?"

"தீந்துபோச்சுங்க."

"முழு டப்பா இருந்துச்சே?"

"பாத்து வெக்கறேன்."

டப்பா தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. நேற்றுக் காலை எட்டாவது சுற்றுக்குப் பிறகு சத்தம் வரவில்லை. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். அவர் ஜாக்கியின் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையில் டீ டம்ளரோடு, கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. இன்னும் மூணு சுத்து இருக்குது," என்றேன்.